பின் இருக்கையில் அப்பா

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: மாணவர் ஆலோசகர், அப்பா, அம்மா, யாரும் கூப்பிடாமலே வந்திருந்த அம்மாவின் தம்பி, கூப்பிட்டதால் வந்த நான். சன்னலுக்கு வெளியே, வெள்ளைக் காரை நிறுத்தப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்த ஒரு வழுக்கைத் தலையர். அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் இல்லாவிட்டால் நாங்கள் பேசியிருக்கவே மாட்டோம்.

விஷயம் இதுதான். கல்லூரியை விடப்போகிறேன் என்றேன். விட்டால் வீட்டுப் பக்கம் வராதே என்றார் அப்பா. அவர் பஸ் ஓட்டுகிறவர். நிறுத்தத்தைத் தாண்டிவிட்டால் யார் கத்தினாலும் வண்டியைப் பின்னால் எடுக்காதவர். வீட்டிலும் அப்படித்தான்.

எனக்குப் பார்சல் கிடங்கில் இரவு வேலை. பெட்டிகள் வரும், ஊர் பார்த்துப் பிரித்துப் போட வேண்டும். பெட்டிகள் எதுவும் கேட்பதில்லை. காலையில் நேராக வகுப்புக்குப் போய்த் தூங்குவேன். முதல் வருடம் ஆசிரியர்கள் எழுப்பினார்கள். இரண்டாம் வருடம் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

நான் வேலைக்குப் போவது அப்பாவுக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தார். நான் கிளம்பும்போது டிவியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். கதவை யாரும் பூட்டமாட்டார்கள். அம்மா வெறுமனே சாத்திவைப்பாள். பூட்டினால் எனக்கு ஒரு சாவி கொடுக்க வேண்டும். கொடுத்தால் நான் வேலைக்குப் போவதை ஒப்புக்கொண்டதாகிவிடும். பஸ்ஸை நிறுத்தியபின் கை பிரேக்கை இரண்டு தரம் சரிபார்க்கிற மனிதர், விடியும்வரை திறந்த வீட்டில் தூங்கினார்.

ஆலோசகர் மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் ரெண்டு பிரேக். இங்கே வருவதற்கு முன் அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் கார்களில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் இருக்கும். பல வருடம் அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். பழக வந்தவர்கள் இரண்டாவது கியர் போடுவதற்குள் வீட்டுக் கதையை ஆரம்பித்துவிடுவார்களாம்.

“மூஞ்சியப் பாத்து உட்கார்ந்தா ஒருத்தனும் வாயத் திறக்கமாட்டான். ரோட்டப் பாத்துக்கிட்டிருந்தா எல்லாத்தையும் கொட்டிடுவான்,” என்று முதல் சந்திப்பிலேயே என்னிடம் சொன்னார். “ஒரு அம்மா ரவுண்டானாவச் சுத்திக்கிட்டே புருஷன விட்டுப் போறதுன்னு முடிவு பண்ணாங்க. நான் எந்த ரோடு பிடிக்கணும்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

எப்படியும் இதுதான் வேலை என்றாகிவிட்டது, முறையாகவே செய்யலாம் என்று உளவியல் படித்துப் பட்டம் வாங்கினார். அறையில் மேசை கிடையாது. சன்னலைப் பார்த்து அருகருகே இரண்டு நாற்காலிகள், பின்னால் ஒரு பெஞ்சு. சன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். அவ்வளவுதான்.

“சாகணும்னு தோணுதா?” என்று அன்றே கேட்டார், மணி என்ன என்று கேட்பது போல.

“இல்ல மேடம்.”

“சும்மா சொல்லாத.”

“தூங்கணும்னுதான் தோணுது.”

“சரி. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் நான் பிரேக்க அமுக்குவேன். மத்ததெல்லாம் நீதான் ஓட்டணும்.”

அப்பாவை அழைத்து வரச் சொன்னதும் அவர்தான். அப்பா வந்ததும் நாற்காலியைத் தூக்கினார்.

“இத இப்படித் திருப்பிப் போட்டுக்கலாமா மேடம்?”

“வேண்டாம் சார். நீங்க பின்னால உட்காருங்க.”

“நான் பஸ் டிரைவர்மா.”

“தெரியும் சார். அதான் பின்னால.”

அப்பா ஒருநாளும் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தார். அம்மாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் காவல் போல உட்கார்ந்தார்கள்.

“அத்தான், நீங்க இருங்க, நான் பேசறேன்,” என்று மாமா ஆரம்பித்தார். “டேய், இந்தக் காலத்துல டிகிரி இல்லாதவன நாய்கூட மதிக்காதுடா.”

“உங்களுக்கு டிகிரி இருக்கா மாமா?”

“அதான்டா சொல்றேன்!”

“பின்னால இருக்கறவங்க பேச வேண்டாம்,” என்றார் ஆலோசகர்.

பேசவில்லை. முன்னால் நானும் ஆலோசகரும் சன்னலைப் பார்த்தோம். வெளியே வழுக்கைத் தலையர் இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாக நுழையப் பார்த்தார். முட்டப் போய், வெளியே வந்து, மறுபடி நுழைந்தார். அப்பாவின் மூச்சு மாறியது.

“ஸ்டியரிங்க ஒடி... இப்ப ஒடிடா... போச்சு.”

“இன்னும் முன்னால வந்துட்டு எடுக்கணும்பா,” என்றேன்.

“வரமாட்டான். கண்ணாடில என்ன தெரியுதுன்னே அவனுக்குத் தெரியல. பயந்து பயந்து எடுக்கறான்.”

பல மாதங்களில் அப்பா என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. பேச்சு காரைப் பற்றி. பரவாயில்லை என்று நானும் காரைப் பார்த்தபடியே சொன்னேன்.

“அப்பா, நான் விட்டுடறேன். கோபத்துல சொல்லல. வகுப்புல ஒண்ணும் ஏறல. கிடங்கு பிடிச்சிருக்குன்னும் சொல்லமாட்டேன். ஆனா அங்க நான் முழிச்சிருக்கேன்.”

பின்னால் தரையில் செருப்பு அறைந்தது. பக்கத்தில் ஆலோசகரின் காலும் இறங்கியிருந்தது. அவர் குனிந்து பார்த்து, யாருடையதையோ எடுத்து வைப்பது போலத் தன் காலை எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார். பின்னால் மறுபடி அறைந்தது.

“சார், கால எடுங்க.”

“எந்தக் கால?”

எல்லோரும் திரும்பிக் குனிந்து பார்த்தோம். அப்பாவும் பார்த்தார். வலது கால் முழங்கால் விறைக்கத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“வீட்லயும் இப்படித்தான் மேடம்,” என்றாள் அம்மா. “இவன் வேலைக்குக் கிளம்பறப்பெல்லாம் டிவி முன்னால உட்கார்ந்து கால அமுக்கிக்கிட்டே இருப்பார். அப்புறம் கால் வலிக்குதும்பார். தைலம் தேய்க்கறது நான்.”

“பழக்கம்,” என்றார் அப்பா.

“எனக்கும்தான் சார். ஆனா எனக்கு அங்க நிஜமாவே ஒரு பிரேக் இருந்துச்சு. உங்களுக்கு வெறும் தரை.”

மாமா சிரிக்க வாயெடுத்தார். அம்மா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

“நீங்க சொல்லுங்க மேடம்,” என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. “படின்னு நீங்க சொன்னாக் கேப்பான்.”

“இன்னைக்குக் கேப்பான். நாளைக்கு நான் பக்கத்துல இருக்கமாட்டேன்.” ஆலோசகர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “வீட்டுக்கு வராதன்னா எங்க போவ?”

“தெரியல மேடம்.”

“சார், இவன் எங்க போவான்?”

அப்பா சன்னலையே பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வெளியே வழுக்கைத் தலையர் காரை அணைத்து, இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“நிறுத்திட்டான்,” என்றார் அப்பா.

“கோணலா இருக்கே அத்தான்.”

“இருக்கட்டும். யாருக்கும் இடைஞ்சல் இல்ல.”

ஆலோசகர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கல்லூரியை விடுவதற்கு எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். மனசு மாறினால் திரும்பச் சேர ஒரு வருடம் அவகாசம் உண்டு என்றும், அதற்குள் ஒரு மாதமாவது ஒழுங்காகத் தூங்கு என்றும் சொல்லி அனுப்பினார்.

மாலையில் கிளம்பினேன். ஷூ மாட்டும்போது டிவி நின்றது. அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார்.

“சாவி எடுத்துக்கிட்டியா?”

“எங்கிட்ட ஏது சாவி?”

சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து நீட்டினார். “தொலைச்சிடாத. இன்னொண்ணு செய்யச் சொல்ற வரைக்கும் அம்மாவோடதுதான் எனக்கு.”

“சரிப்பா.”

“காலைல பெல் அடிச்சு எழுப்பாத.”

படி இறங்கினேன். பின்னால் அப்பா கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழவில்லை, பூட்டில் சாவி இரண்டு சுற்று சுற்றியது. சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று உள்ளேயிருந்து ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.