முப்பத்தாறு மில்லிமீட்டர்

தேவாலயப் படியில் தொடங்கி ஆஸ்பத்திரி வாசலில் முடித்தபோது என் கணக்கில் முப்பத்தாறு மில்லிமீட்டர் கூடுதலாக வந்தது. இரண்டு இடத்திலும் தரையில் பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து அவை எவ்வளவு உயரம் என்பது அரசாங்கத் தாளிலேயே இருக்கிறது. ஒன்றிலிருந்து கிளம்பி, லெவல் கருவியைப் பத்து இடத்தில் நிறுத்தி, பின்னால் ஒரு முறையும் முன்னால் ஒரு முறையும் அளவுகோலைப் படித்து, பின்னால் படித்ததைக் கூட்டி முன்னால் படித்ததைக் கழித்துக்கொண்டே போனால், கடைசிக் குமிழில் தாளில் உள்ள உயரம் வரவேண்டும். கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்வார்கள். முப்பத்தாறு என்பது என் கட்டைவிரலில் பாதி. வேறு ஊர்க்காரர்கள் இதற்கா இவ்வளவு என்று சிரிக்கலாம். தராவாவில் சிரிக்க முடியாது. எங்கள் தீவில் மேடு என்று சொல்லும் இடமே மூன்று மீட்டர்தான். பெரிய அலை வரும் மாதங்களில் ஒரு வீட்டுப் பாய் நனைவதும் நனையாததும் அந்த அரைக் கட்டைவிரலில் இருக்கிறது.

ஊரியாம், அளவு எழுதிய என் புத்தகத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தான். ஃபிஜியில் படித்துவிட்டு வந்த சர்வேயர், இருபத்தாறு வயது. எனக்கு முப்பத்தொன்பது. இரண்டு வருடம் இதே சாலை வேலையில் ‘நில்’ பலகையைப் பிடித்துக்கொண்டு, நிற்காத பஸ்களைத் திட்டிக்கொண்டு வெயிலில் நின்றவள் நான். குடைக்குக் கீழே உட்கார்ந்து எண் எழுதும் இவனைப் பார்த்து வயிறு எரிந்துதான் எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டேன். ஆறு மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கற்றுக்கொண்டேன். ஆரம்பத்தில் பொறாமை, பிறகு அந்த எண்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில் ஒரு சுகம் வந்துவிட்டது. இப்போது லெவல் படிக்க நிரந்தர ஆள் தேவை. திங்கட்கிழமைக்குள் இந்தச் சோதனையில் நான் தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வருவான், நான் பலகைக்குத் திரும்ப வேண்டும்.

“கூட்டல்ல தப்பில்ல அக்கா,” என்றான். “அப்ப படிச்சதுலதான் இருக்கு. வித்தியாசம் ஒன்பதால வகுபடுது பாருங்க. ரெண்டு எண்ண முன்னபின்ன மாத்தி எழுதினா இப்படித்தான் வரும். வீட்டுல உக்காந்து தேடுங்க.”

எங்கள் வேலையில் ரப்பருக்கு இடமில்லை. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும். தப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டுபிடித்துவிட்டேன். பின்னால் படித்ததில், அதாவது பின்நோக்கில், நான்காவது எண் 1.451. அதை 1.415 என்று மாற்றினால் கணக்கு அச்சாக மூடிக்கொள்கிறது, ஒரு மில்லிமீட்டர் கூட மிச்சமில்லை. பேனாவை எடுத்தேன். ஆனால் அந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. தாழை மரத்துக்குப் பக்கத்தில் காற்றில் கோல் ஆடியது, நான் காத்திருந்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். ஐம்பத்தொன்று. என் குரலிலேயே அது காதில் இருந்தது. பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த என் கணவர், ஒரு எண்ணை மாற்றினால் வேலை கிடைக்கும் என்றால் மாற்றிவிட்டுப் படுக்க வேண்டியதுதானே என்றார். கெட்ட மனுஷர் இல்லை. நானும் அதையேதான் நினைத்தேன். கோடு போட மட்டும் கை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாத்தனார் புவேனா வீட்டில் சாப்பாடு. மீனும், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சீமைப்பலாவும். புவேனாவுக்குப் பேச ஆரம்பித்தால் மூச்சு வாங்காது. அடுத்த மரத்திலும் சீமைப்பலா முற்றிவிட்டது, உன் குச்சி இன்னொரு தடவை வேண்டும் என்றாள். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“ஆனா அண்ணி, அது ஒண்ணும் கெட்டிக் குச்சி இல்ல. பெரிய பழத்தக் குத்தித் தள்ளும்போது டக்குனு ஒரு சத்தம். ஒடச்சிட்டேனோன்னு உயிரே போச்சு எனக்கு.”

கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவள் சொன்ன குச்சி, சர்வே அளவுகோல். ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்தால் ஐந்து மீட்டர் நீளும் அலுமினியக் கோல். அதைப் பார்த்த எந்தத் தீவுக்காரனுக்கும் சீமைப்பலாதான் ஞாபகம் வரும். வேலை நடக்கும் இடத்துக்கு என் வீடு பக்கம் என்பதால் விடுமுறை நாட்களில் கோல் என்னிடம் இருக்கும். சோதனைக்கு முந்தின சனிக்கிழமை புவேனா வந்து, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறையாகக் கேட்டாள். உறவுக்காரர் அப்படி உட்கார்ந்து கேட்டுவிட்டால் இல்லை என்ற சொல்லுக்கு எங்கள் வாயில் இடம் கிடையாது. எங்கள் வீட்டுத் தையல் மெஷினும் அவளிடம் நான் அப்படிக் கேட்டு வாங்கியதுதான். கொடுத்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து கோலை நீட்டி, அளக்கும் டேப்பை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் மீட்டரில் முதல் மூட்டு. அங்கே பூட்டும் பொத்தானின் துளை கிழிந்து, மேல்துண்டு பன்னிரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. அப்படியானால் மூட்டுக்கு மேலே படித்த ஒவ்வொரு எண்ணும் பன்னிரண்டு கூடுதல். புத்தகத்தைத் திறந்து எண்ணினேன். மூட்டுக்கு மேலே பின்நோக்கில் ஐந்து, முன்நோக்கில் இரண்டு. கூட்டுவதில் ஐந்து தரம் ஏறியது, கழிப்பதில் இரண்டு தரம் இறங்கியது, மிச்சம் மூன்று. மூன்று பன்னிரண்டு முப்பத்தாறு. தனியாக உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தேன். யாரும் சொல்லித்தராமல் ஒரு கணக்கு எனக்குப் பிடிபட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. இதைச் சொன்னால் கோலை மரம் ஏற்றியவள் நான் என்பதும் சேர்ந்து வெளியே வரும். இருக்கிற வேலையும் போகலாம். சொல்லாமல் அந்த 1.451 மேல் ஒரு கோடு போட்டால் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இதே கோலை வைத்துத்தான் ஊரியாம் வாரம் முழுக்க வடிகாலின் சரிவைக் குறிக்க முளை அடித்திருந்தான். ஐந்து மீட்டருக்கு ஒரு முளை, ஒரு முளையிலிருந்து அடுத்ததற்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு. அதில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிசகினால் தண்ணீர் கடலுக்குப் போகாது, ஊருக்குள் திரும்பும். திங்கட்கிழமை காலை கான்கிரீட். எனக்குப் பயமாக இருந்தது. பொய் எழுதவும் பயம், சொல்லவும் பயம்.

திங்கட்கிழமை நான் போனபோது கலவை மெஷினைச் சுற்றி சிமெண்ட் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஊரியாமைத் தனியே கூப்பிட்டேன்.

“தம்பி, கான்கிரீட்ட நிறுத்து. கோல் தப்பு காட்டுது. சீமைப்பலா பறிக்க நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

“யாருக்கு?”

“மொறையா கேட்டவங்களுக்கு.”

அவனும் இந்தத் தீவில் பிறந்தவன். அதற்குமேல் கேட்கவில்லை. கோலை நீட்டி, டேப்பை வைத்து, ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தான். என் புத்தகத்தில் ஐந்தையும் இரண்டையும் விரல் வைத்து எண்ணினான். காது சிவந்துபோயிற்று. திட்டப்போகிறான் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

“தெனமும் காலைல கோலோட மூட்ட செக் பண்ணணும்னு உங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்,” என்றான் மெதுவாக. “நான் பண்ணல அக்கா.”

மெஷினை நிறுத்தச் சொன்னான். போனை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கமாகப் போய் வெகுநேரம் பேசினான், பேசியதைவிடக் காதுகொடுத்துக் கேட்டதுதான் அதிகம். திரும்பி வந்து, மேலாளர்கள் பதினொரு மணிக்கு வருகிறார்கள், கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் என்றான். அலுவலகத்திலிருந்து மூட்டே இல்லாத பழைய மரக்கோல் ஒன்றை எடுத்துவரச் செய்து, அதைத் தானே தோளில் போட்டுக்கொண்டான். அவர்கள் வருவதற்குள் தேவாலயத்திலிருந்து மறுபடியும் ஆரம்பியுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, படியை நோக்கி நடந்தான். எனக்காகக் கோல் பிடிக்கும் சர்வேயரைப் பார்த்து, மூட்டை இறக்கியவர்கள் ஏதோ கிண்டல் செய்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை.

பத்து இடம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். ஆஸ்பத்திரிக் குட்டைச்சுவரில் புத்தகத்தை வைத்துக் கூட்டிக் கழித்தேன். ஐந்து மில்லிமீட்டர். மறுபடியும் கூட்டினேன். ஐந்துதான், பன்னிரண்டுக்குள்.

ஊரியாம் எட்டிப் பார்த்தான். பக்கத்தின் தலைப்பில் ‘படித்தவர்’ என்று ஒரு கோடு உண்டு. இதுவரை எந்தப் பக்கத்திலும் அதில் நான் எழுதியதில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. அவன் அந்தக் கோட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, சாலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மேலாளர்களின் வெள்ளை வண்டி புழுதியோடு வளைவில் வருவது தெரிந்தது. கடல்காற்றில் தாள் எழும்பியது. முழங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாபேயா என்று என் பெயரை எழுத ஆரம்பித்தேன்.