நாரை வந்துபோன தொட்டி

நோபுயோவின் சலூனுக்குப் பின்னால் ஒரு பெரிய கறுப்புத் தொட்டி இருந்தது. அதில் இருப்பது தண்ணீர் என்று ஹருமிச்சி சாதித்தான். நோபுயோவுக்கோ யாரோ பச்சைத் தேநீர்ப் பொடியைத் தொட்டி நிறையக் கரைத்துவிட்டு மறந்துபோனதாகத்தான் தோன்றியது.

"இந்தச் சாக்கடைய என் தலையில கட்டிட்டு நீ பாட்டுக்கு சப்போரோவுக்குக் கிளம்புறியே தம்பி!"

"சாக்கடையா? அண்ணி, இது வளர்த்த தண்ணி. பாசி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியா மிதக்குது. குளிருக்குப் போர்வையும் இதுதான், பசிச்சா கஞ்சியும் இதுதான்."

ஹருமிச்சி அவள் கணவன் இசாமுவின் தம்பி. கல்யாணம் செய்து பார்த்தான், நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் உயிரை வைத்திருந்தது ரன்ச்சு தங்கமீன்களின் மேல். தலை புடைத்து, முதுகில் துடுப்பே இல்லாத அந்த மீனை அவர்கள் ஊரான கோரியாமாவில் வளர்க்காதவர்கள் குறைவு. ஆனால் இந்த ஒரு ஜோடிக்காக அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. வருஷக்கணக்காகக் குஞ்சுகளைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து வந்து சேர்ந்த ஜோடி. கம்பெனி அவனைக் குளிர்காலம் முடியும்வரை வடக்கே அனுப்பியதும், தொட்டியை அண்ணன் வீட்டில் இறக்கிவிட்டான்.

"தீனி போடக் கூடாது. வலை விடக் கூடாது. குளிர்காலம் பூரா தூங்கும், தூங்குற மீன எழுப்பினா செத்துடும். மூடி மேல கல்லு இருக்கணும், அவ்வளவுதான்."

கல் இசாமுவின் பொறுப்பு என்று முடிவாயிற்று. வேறென்ன, ஒரு நாள் கல் இல்லை.

ஜனவரியில் ஒரு காலை, நோபுயோ துண்டு உலர்த்தப் பின்பக்கம் வந்தாள். மூடி தரையில் கிடந்தது. தொட்டியின் விளிம்பில் ஒரு நாரை, முடிவெட்ட வரிசையில் காத்திருக்கும் ஆள்போலச் சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது. ஈரத் துண்டை அதன் மேல் வீசினாள். நாரை அவசரமில்லாமல் எழும்பிப் போயிற்று.

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பச்சை. விரலை விட்டால் நகம் தெரியவில்லை. மீன் இருக்கிறதா, நாரையின் வயிற்றில் இருக்கிறதா, எப்படித் தெரியும்? வலை விடவும் கூடாது.

"கல்லு வெச்சீங்களா இல்லையா?"

"வெச்சேனே... வெச்சேன்னுதான் நினைக்கிறேன்" என்றான் இசாமு, தலையைச் சொறிந்துகொண்டு.

"நினைக்கிறாராம்!"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹருமிச்சி போன் செய்தான். "அண்ணி, தண்ணி எப்படி இருக்கு?" நாரை விஷயம் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பக்கம், ஆளில்லாத அறையில் டிவி மட்டும் ஓடும் சத்தம் கேட்டது. "நல்லாப் பச்சையா இருக்கு தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன்பின் வாராவாரம் அதே கேள்வி, அதே பதில்.

பிப்ரவரியில் வானம் பல நாள் மூடிக் கிடந்தது, பனியும் கொட்டியது. தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் தெளிந்தால் தொட்டியின் அடி தெரியும், உண்மையும் தெரிந்துவிடும். நோபுயோவுக்குப் பார்க்கவேண்டும் என்றும் இருந்தது, பார்த்துத் தொலைக்கக் கூடாது என்றும் இருந்தது. தண்ணீரை மறுபடி பச்சையாக்கிவிட முடிவு செய்தாள். மீன் உயிரோடிருந்தால் போர்வை வேண்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பயம்தான் பெரிய காரணம் என்பது அவளுக்கே தெரியும்.

மீதமிருந்த பச்சையை மொண்டு காலி பாட்டில்களில் பாதி பாதியாக ஊற்றினாள். குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீரால் மீதியை நிரப்பி, பூச்செடி உரத்தில் ஒரு சொட்டு விட்டு, சலூனின் ஜன்னலோரம் அடுக்கினாள். ஒரு பாட்டிலுக்கு ஆசையாக நிறைய உரம் ஊற்றினாள், அது மஞ்சளாகி நாறியது. மற்றவற்றைக் காலையும் மாலையும் குலுக்கிவிட்டாள். வெயில் எட்டிப் பார்த்த நாட்களில் அவை சட்டென்று கரும்பச்சையாகத் திரண்டன.

"என்னம்மா, முடி வளர்ற தைலமா?" என்று கேட்டார் வழுக்கைத் தலை ஓனிஷி.

"ஆமா. உங்களுக்கு ஒரு பாட்டில் பத்தாது, தொட்டியிலதான் இறங்கணும்."

பாட்டில் பாட்டிலாகத் தொட்டியில் கலந்தாள். மறுபடியும் நகம் தெரியாத பச்சை. தன் கையால் திரண்ட அந்த நிறத்தைப் பார்க்கையில் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ஒரு நாள், இசாமு ஊர்ப் பொதுக் குளியல்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில், மீன் பண்ணைக்கு ஓடி இரண்டு ரன்ச்சு வாங்கி வந்து தொட்டியில் விட்டாள். நாரை தின்றிருந்தாலும் இரண்டு மீன் இருக்கும் அல்லவா!

ஏப்ரலில் ஹருமிச்சி வந்தான். மீனை மேலிருந்து பார்ப்பதற்கான வெள்ளைப் பேசினைத் தரையில் வைத்து, சட்டைக் கையை மடித்து, வலையை மெல்ல இறக்கினான். முதல் மீன் வந்தது. பேசினில் விட்டுப் பார்த்தான்.

"இது யாரு?"

நோபுயோ செருப்பைப் பார்த்தாள். இரண்டாவது வந்தது. "இது யாரு?" மூன்றாவது வந்தது. நோபுயோ திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அது அவள் வாங்கியதல்ல. நான்காவதும் அல்ல.

"அண்ணி! எனக்கு இந்த நாலு பேரையும் தெரியாதே!"

"நாரை வந்துச்சு தம்பி" என்று கொட்டிவிட்டாள் நோபுயோ. "ஜனவரியிலேயே வந்துச்சு. சொல்ல வாய் வரல. ரெண்டு வாங்கி விட்டேன். ஆனா சத்தியமா ரெண்டுதான்!"

இசாமு இருமினான். "மிச்சம் ரெண்டு... நான் விட்டேன். கல்லு வெக்கல."

"நினைக்கிறேன்னீங்க!"

"நினைச்சேன், வெக்கல."

ஹருமிச்சி சிரிக்கவில்லை. வலையைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டான். தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, அடியை ஓரம் ஓரமாகத் தடவினான். முதல் மூலையில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

பிறகு கை நின்றது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து மெதுவாகத் தூக்கினான். பச்சை வழிந்து இறங்க, ஆழ்ந்த சிவப்பில் ஒரு கனத்த மீன், தூக்கம் கலைந்த எரிச்சலோடு வாயைத் திறந்து மூடியது. அதன் பின்னாலேயே ஆண் மீனும் அகப்பட்டது.

"ஆறு" என்றான் ஹருமிச்சி. அப்புறம்தான் சிரிப்பு வந்தது, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "ரெண்டு குடுத்துட்டுப் போனா ஆறாக் குடுக்குற வீட்ட எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"கோவம் இல்லையா தம்பி? வாராவாரம் மறைச்சேனே?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நாரை வந்த அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா நான் அங்க ஒடஞ்சிருப்பேன் அண்ணி. பேச ஆள் கிடையாது. பச்சையா இருக்குன்னு நீங்க சொல்ற அந்த ஒரு வார்த்தைய வெச்சுத்தான் அடுத்த ஞாயிறு வரைக்கும் ஓட்டினேன்."

நோபுயோ சட்டென்று கணவன் பக்கம் திரும்பினாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? போய் இன்னொரு தொட்டி வாங்கிட்டு வாங்க! நம்ம நாலு பேர எங்க விடறது?"

இசாமு ஓடினான். குளிர் போய்விட்டதே என்று ஹருமிச்சி பழைய தண்ணீரை வடித்துக் கொட்டுவதற்காகத் தொட்டியைச் சாய்க்கப் போனான்.

"ஏய், கைய எடு தம்பி" என்றாள் நோபுயோ, வாளியை இழுத்து வைத்தபடி. "இந்தப் பச்சையில பாதி என்னோடது."