எலும்புக் கோலம்

செயற்கை இடுப்பு மூட்டு பொருத்திய பன்னிரண்டாம் ஆண்டில் ரோகிணியின் எலும்பு பொடியாக உதிரத் தொடங்கியது. நடந்த இடமெல்லாம் பச்சரிசி மாவைவிட நைசாக, வெள்ளையாக விழுந்தது. இடுப்பு கொதித்தது, கால் குட்டையாகிக்கொண்டே வந்தது. அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அந்த நகரியத்தில் எந்தச் சந்தேகத்துக்கும் ஒரே பரிசோதனைதான். கதிர்வீச்சு அளப்பதில் பதவி உயர்வு பெற்ற கணவன் ராகவன், கருவியைப் பொடியின் மேல் பிடித்தான். முள் அசையவில்லை. "ஜீரோ. உனக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தான். வலிக்கிறது என்றாள். வலியை அளக்கக் கருவி இல்லை என்றான், அது வலியின் குற்றம்போல. நாவலூரில் ஒரு நிபுணர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, உலோகம் பளபளவென்று இருப்பதாகப் பாராட்டினார். உலோகத்தைப் பிடித்திருக்கும் எலும்பை அவர் பார்க்கவில்லை. அதை அவர் விற்கவில்லை.

ஆபத்தில்லை என்று கருவியே சொல்லிவிட்டதால், மார்கழியில் தெருவே டப்பாவோடு வந்தது. இப்படியொரு கோலப்பொடி கடையில் கிடையாது. நலம் விசாரிக்க வந்தவர்கள் சோபாவுக்கு அடியிலும் கூட்டி அள்ளினார்கள். குனிந்து பெருக்க முடியாத ரோகிணி தடுக்கவில்லை. எதிர்வீட்டு ஜெகதாம்பாள், கூடத்துக்கும் சமையலறைக்குமாக இன்னும் இரண்டு நடை நடக்கச் சொன்னாள்.

செங்கல்பட்டில் ஒரு பெண் மருத்துவர்தான் உண்மையைச் சொன்னார். மூட்டுக் கிண்ணத்தின் பிளாஸ்டிக் தேய்ந்து தூளாகிறது. தூளோடு உடம்பு சண்டை போடுகிறது. சண்டையில் எலும்பு கரைந்து மூட்டு ஆடுகிறது. மாற்றலாம், ஆனால் புது மூட்டு பிடித்து நிற்க எலும்பு வேண்டும். "உதிர்ந்ததைக் கொண்டு வாங்க. இல்லைன்னா சக்கர நாற்காலிதான்."

ரோகிணி வாக்கரோடு வீடு வீடாகப் போனாள். எல்லாரும் வருத்தப்பட்டார்கள்; எல்லாரும் தீர்ந்துவிட்டது என்றார்கள். மிச்சமிருந்தது நகரிய மைதானத்தில், மார்கழிக் கோலப்போட்டியில் முதல் பரிசு வாங்கிய ஜெகதாம்பாளின் சிக்குக்கோலம் மட்டுமே. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள்.

"இன்னாம்மா, பரிசு வாங்குன கோலத்த அழிக்கணும்ன்ற? நாளைக்குப் பேப்பர்காரன் வேற வரான்," என்றாள் ஜெகதாம்பாள்.

"அது கோலம் இல்லக்கா. என் இடுப்பு."

"பொடி வேணா உன்னுது. புள்ளி, கோடெல்லாம் என்னுது."

ரோகிணி கூட வந்திருந்த ராகவனைப் பார்த்தாள். ராகவன் கயிற்றைப் பார்த்தான். அவள் வாக்கரைக் கயிற்றின்மேல் சாய்த்துத் தள்ளினாள், கயிறு அறுந்தது. கோலத்தின் நடுவில் விழுந்து, படுத்தபடியே இரு கையாலும் வாரி, கொண்டுவந்திருந்த ஊறுகாய் ஜாடியில் நிரப்பினாள். கூட்டம் செல்போனில் படம் எடுத்தது. ஒருவரும் குனியவில்லை.

மருத்துவர் அதைச் சலித்து, அவித்து, உள்ளே வைத்து அழுத்திப் புது மூட்டைப் பொருத்தினார். மூட்டு ஆடவில்லை. இப்போது ரோகிணி மாமல்லபுரம் கடற்கரையில் காலையில் தனியாக நடக்கிறாள். ராகவனால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அவளும் நிற்பதில்லை. எக்ஸ்ரேயில் மூட்டைச் சுற்றி எலும்பு சிக்குக்கோலமாகவே வளர்ந்திருக்கிறது, ஒரு புள்ளி தவறாமல், ஒரு கோடு அறாமல். மருத்துவர் நார்மல் என்று எழுதினார். ஜெகதாம்பாள் அந்த எக்ஸ்ரேயில் ஒரு பிரதி கேட்டு வாங்கிப்போய், பரிசுக் கோப்பைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் கோலம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.