ராகு காலத்தில் போட்ட விண்ணப்பம்

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சாவித்ரி ஒருநாள் கேட்டாள்: "ஏன்னா, இப்பல்லாம் ப்ளேன் போறது ரொம்பக் கொறைஞ்சுடுத்து, இல்லே?"

அப்போதுதான் பொழிச்சலூரே அதிர, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவர் தோத்தாத்ரி அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

தாம்பரத்தில் காது பார்த்த டாக்டர், இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் கேட்கிற பழக்கமே விட்டுப்போகும் என்றும் சொன்னார். சாவித்ரிக்குக் காது என்றால் டியூஷன். தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் படித்தவர்கள். "காலாண்டுப் பரீட்சையோட டியூஷனை நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்று அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள். காரணம் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

கருவியின் விலையைக் கேட்டு தோத்தாத்ரிக்குத் தலை சுற்றியது. சேர்த்து வைத்ததெல்லாம் மகள் ஸ்நேகாவின் கல்யாணத்தோடு போயாயிற்று. கருவிக் கடையில் இருந்த கிறிஸ்டினா என்ற பெண்தான் வழி சொன்னாள். புதிதாக ஒரு கிரெடிட் கார்டு வந்திருக்கிறது, அதில் வாங்கினால் வட்டியே இல்லாமல் மாதத் தவணையில் கட்டலாம்.

"ஆனா சார், சம்பளம் வர்றப்பவே அப்ளை பண்ணிடுங்க. ரிடையர் ஆயிட்டா ரொம்ப யோசிப்பாங்க."

தோத்தாத்ரி குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தார். ஆகஸ்ட் கடைசியில் ஓய்வு. கிறிஸ்டினா சொன்னபோது ஆனி மாதம், நாளும் நன்றாகத்தான் இருந்தது. நம்மவர்தான் "யோசிப்போம்" என்றார். யோசித்து முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது புதிதாக ஒன்றை ஆரம்பிப்பார்களா? ஆடித் தள்ளுபடியில் இரண்டு வேட்டி வாங்கினாரே என்று கேட்காதீர்கள், அது வேறு கணக்கு.

ஆவணி வந்தது. ஒருநாள் அஷ்டமி, மறுநாள் நவமி, அது போனால் அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். எல்லாம் கூடி வந்த ஒரு வெள்ளிக்கிழமை, குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு செல்போனோடு உட்கார்ந்தார். கரண்ட் போய் வைஃபை நின்றது. சகுனம் சரியில்லை என்று எழுந்துவிட்டார்.

கேளம்பாக்கத்திலிருந்து ஸ்நேகா போனில் கத்தினாள். "நான் வாங்கித் தரேன்னா அம்மா வேண்டாங்கறா, உன் வீட்டு லோனை முதல்ல கட்டுங்கறா. நீங்க கார்டுக்காவது போடுங்கோளேன்ப்பா. பேங்க்ல பஞ்சாங்கமா பாக்கப்போறா?"

"கடன் விஷயம்மா. வேளை பாத்துத்தான் போடணும்."

பஞ்சாங்கம் வெறும் சாக்கு. ஓய்வு பெறப்போகிற ஆளை நம்பி யார் கார்டு கொடுப்பார்கள் என்ற பயம்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டால் சாவித்ரி முகத்தில் எப்படி விழிப்பது? விண்ணப்பம் போடாதவரை யாரும் முடியாது என்று சொல்லப்போவதில்லை அல்லவா!

மிச்சமிருந்த லீவைக் கழிக்க அவர் வீட்டில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அது. கூடத்தில் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏழெட்டு எவ்வளவு? ஜெரூஷா, நீ சொல்லு."

எதிர்வீட்டு ஜெரூஷா நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு, "ஐம்பத்தி நாலு" என்று முணுமுணுத்தாள்.

"வெரி குட்!" என்றாள் சாவித்ரி.

அடுத்தவன் "அறுபது" என்றான். அவனுக்கும் வெரி குட். பிள்ளைகள் தோளை இடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாவித்ரியும் என்னவென்று தெரியாமலே அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் தோத்தாத்ரியால் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் மேல் கோபம் வரவில்லை. தன் மேல்தான் வந்தது, அப்படி வந்தது. பேப்பரை எறிந்துவிட்டுச் செல்போனை எடுத்தார். செவ்வாய்க்கிழமை, அதுவும் ராகு காலம். கடன் கேட்க இதைவிட மோசமான வேளை தேடினாலும் கிடைக்காது. போகட்டும் என்று சம்பளச் சீட்டை ஏற்றினார். ஓய்வு பெறும் தேதி கேட்டிருந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி போட்டார். சப்மிட்டை அழுத்தினார்.

மறுநாளே வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சார், இந்த மாசமே ரிடையர் ஆகறீங்களா?"

"ஆமாம்மா."

"அப்போ கார்டு வரும் சார், லிமிட்தான் கம்மியா இருக்கும். ரெண்டு மாசம் முன்னாடி போட்டிருந்தா நல்லா வந்திருக்கும்."

அந்த லிமிட் ஒரு காதுக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஆடியையும் அஷ்டமியையும் நினைத்து நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. சாவித்ரியிடம் அவர் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தபோது, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் நினைத்தார்.

"ஒரு காது போறும்னா," என்றாள் அவள். "நீங்க பேசறதைக் கேக்க அதுவே ஜாஸ்தி. கிராஜுவிட்டி வரட்டும், இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

கருவி வைத்துக்கொண்டு வந்த அன்று, வாசல் கேட்டைத் திறக்கும்போதே தலைக்கு மேல் ஒரு விமானம் போனது. சாவித்ரி காதைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "அம்மாடி! இதெல்லாம் இத்தனை நாள் எங்கே போயிருந்தது?" என்றாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

மறுநாள் டியூஷனில் பிள்ளைகளையெல்லாம் கருவி வைத்த வலது காதுப் பக்கமாக நகர்ந்து உட்காரச் சொன்னாள். தோத்தாத்ரி பக்கத்து அறையில் பேப்பரை விரித்து வைத்திருந்தார், ஒரு வரி படிக்கவில்லை.

"ஏழெட்டு எவ்வளவு?"

"ஐம்பத்தி நாலு," என்று நோட்டுக்குள்ளிருந்து முணுமுணுத்தாள் ஜெரூஷா.

சாவித்ரி ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஐம்பத்தாறு. நோட்டைக் கீழே வெச்சுட்டு மறுபடி சொல்லு."

நோட்டு கீழே இறங்கியது. பிறகு ஜெரூஷாவின் குரல் ஒழுங்காக, உரக்க வந்தது.

"அப்பாடா," என்றார் தோத்தாத்ரி, தனக்குத்தானே, வாய்க்குள்.

"என்னன்னா அப்பாடா?" என்று கூடத்திலிருந்து கேட்டாள் சாவித்ரி.