லாண்ட்ரோமேட் சுவரில் நாகலக்ஷ்மியின் அப்பா

1

"ஏனுங்க, உசுரோட இருக்கற மனுசனுக்கு யாருங்க மாலை போட்டது?"

"கத்தாத லக்ஷ்மி. வயித்துல குழந்தை இருக்கு. அந்தப் பொம்பள ஃபோட்டோவ மாத்தி வரைஞ்சிருப்பா."

"மூக்குக் கண்ணாடிக் காம்புல நூல் சுத்தியிருக்கறதக்கூடவா மாத்தி வரைவா?"

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். 1999 அக்டோபர் கடைசி, கலிஃபோர்னியா சன்னிவேல், காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்ட்ரோமேட் வாசல். உள்ளே என் துணி காய்ந்து மெஷின் நின்று பத்து நிமிடமாகியிருந்தது. நான் நகர்வேனா?

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மெக்சிகோ மக்கள் இறந்தவர்களை வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரவேற்று...'

பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன். விஷயம் இவ்வளவுதான்: தெரேசா என்ற மெக்சிகோ ஓவியர் லாண்ட்ரோமேட்டின் பக்கவாட்டுச் சுவரில் தொப்பி போட்ட எலும்புக்கூடுகள் கிதார் வாசிப்பதை வரைந்துகொண்டிருந்தார். 'உங்கள் வீட்டில் இறந்தவர் படம் இருந்தால் கொடுங்கள், சுவரில் இடம் உண்டு' என்று கதவில் காகிதம் ஒட்டியிருந்தார். கொடுத்த முகங்களுக்கெல்லாம் செண்டுமல்லி மாலை. அவர்களுக்கு அது வரவேற்பு. நமக்குப் படத்தில் மாலை என்றால் ஒரே அர்த்தம்தானே?

3

லக்ஷ்மியின் கணவர் சேனாபதியை மூன்று முறை வில்லனாக எழுதிப் பார்த்தேன். மனிதர் அந்த வேடத்தில் நிற்கவில்லை. மாமனார் கோபியில் செப்டம்பரில் போய்விட்டார். மனைவி நிறைமாதத்தை நெருங்குகிறாள், விமானம் ஏற முடியாது. பிரசவம் முடியட்டும் என்று மறைத்தார். சனிக்கிழமை ஃபோனில் அவள் அம்மாவும் ஒத்துழைத்தார்: "அப்பா குளிக்கறாரு கண்ணு."

எங்கள் காம்ப்ளெக்ஸில் பதினொரு தமிழ்க் குடும்பம். அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.*

* எனக்கும்தான். வளைகாப்பில் வளையல் போட்டுக்கொண்டே, "அப்பா தெம்பா இருக்காராமே!" என்றேன். "அப்படீங்களாக்கா, சந்தோசம்" என்று மற்றக் கையையும் நீட்டினாள்.

4

(கதை இங்கேயே கெட்டுப்போகிறது.)

படத்தைக் கொடுத்தது யார்? மனசு கேட்காமல் சேனாபதி கொடுத்திருக்கலாம். ஆனால் சுவரைப் பார்த்ததும் வெளுத்துப்போனது அவர் முகம்தான். நூல் சுற்றிய கண்ணாடியோடு அப்பா நிற்கும் படம் லக்ஷ்மியின் பெட்டிக்குள் இருந்தது. நானே பார்த்திருக்கிறேன். (எப்படி என்று கேட்காதீர்கள்.)

கத்தி ஓய்ந்தபின் அவள் மெதுவாகக் கேட்டாள்:

"ஏழு சனிக்கிழமையா எங்கப்பா குளிச்சுட்டே இருக்காருங்களே. இன்னும் தண்ணி தீரலீங்களா?"

சேனாபதி பிளாட்ஃபாரத்திலேயே உட்கார்ந்து அழுதார். அவள் அழவில்லை. அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்டவள் இப்படியா கணக்காக வாரம் சொல்வாள்? அப்படியானால் படத்தைக் கொடுத்தது...

ஏணிக்கடியில் தெரேசா தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யார் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்கிற எனக்கு அன்று வாய் வரவில்லை. லக்ஷ்மிதான் கொடுத்தாள் என்றால், வளைகாப்பன்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்குமோ?

5

படத்தைக் கொடுத்தது ____________.

நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். சேனாபதி என்று எழுதினால் எனக்குச் சௌகரியம்.

நவம்பரில் பெண் குழந்தை பிறந்தது. தெரேசா, லாண்ட்ரோமேட் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவரைக் கல்யாணம் செய்துகொண்டார். மார்ச்சில் சேனாபதி குடும்பம் டெக்சஸ் பக்கம், காப்பெலுக்குப் போய்விட்டது. எங்கள் பத்து வீட்டில் ஒருவருக்கும் புது அட்ரஸ் தரவில்லை.

தெரேசாவிடம் மட்டும் கொடுத்திருக்கிறாளாம்.