பயணிகள் ஏறாத வண்டி

...இல்லை, இன்றைய அப்டேட்டுக்குப் பிறகும் ஏறமாட்டார்கள், எனக்குத் தெரியாதா, எட்டு மாதமாகப் பார்க்கிறேன், கதவைத் திறந்தால் நடைமேடையில் அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், முன்னால் நிற்கும் குடைக்காரர்கூட அசையமாட்டார். ரயில் ஓட்டும் விளையாட்டு என்று விற்றார்கள், வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் பயணிகளே இல்லை, பயணிகளுக்குத் தனி விலை, மழைக்குத் தனி, பாலத்துக்குத் தனி... சட்டையை விற்றுவிட்டுப் பொத்தானுக்குத் தனியாகக் கேட்கிறவன்கூட இவர்களிடம் பாடம் படிக்க வேண்டும். தொலையட்டும் என்று பயணிகளையும் வாங்கினேன், வந்தார்கள், நின்றார்கள், அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்கிய ஆட்களும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

உதவிப் பிரிவிடம் சொன்னேன். முதல் கடிதத்தில் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சிவிட்டேன், இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பதில் பொறுமையாக வந்தது, கீழே பெயர் இல்லை, ‘உதவிப் பிரிவு, ஏழு’ என்று மட்டும். பெண் என்று நானாக முடிவு செய்துகொண்டேன், ஒருமுறை காய்ச்சல், அதனால் தாமதம் என்று எழுதியிருந்தேன், அதற்கு, இப்போது தேவலையா என்று ஒரு வரி... ஆண் கேட்கமாட்டானா என்ன? ஆனால் வேறு யாரும் கேட்கவில்லையே. பல் மருத்துவரின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவன் நான், மேசை நிறைய பிளாஸ்டர் அச்சுகள், முப்பது நாற்பது வாய்கள், ஒன்றாவது பேசுமா? வாரம் ஒரு கடிதம் எழுதுவேன், வாரம் ஒரு பதில் வரும், ‘அடுத்த அப்டேட்டில் சரிசெய்ய முயல்கிறோம்’ என்ற வரியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படிப்பேன். சற்றுமுன் அக்கா போன் செய்தாள், “என்னடா பண்றே?”, “வண்டி ஓட்டறேன்க்கா”, “உனக்கு ஏதுடா வண்டி?”, “ரயில்க்கா, கம்ப்யூட்டர்ல.” “அம்பது வயசுல உனக்கு ரயில் விளையாட்டா? ஒரு எட்டு இங்க வந்துட்டுப் போனா என்னவாம்?” வரேன்க்கா என்றேன், வழக்கம்போல.

நிலையம் வந்துவிட்டது, பிரேக், கதவு... குடைக்காரர் திரும்புகிறார். ஏறுகிறார். அவர் பின்னால் எல்லோரும், இடிக்காமல், வரிசையாக! துள்ளிக் குதித்திருக்க வேண்டும், நானோ குடைக்காரர் நின்றிருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலைத் திறந்தேன், ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, முடித்துவைக்கிறோம்’, கீழே ஏழு என்றுகூட இல்லை, பதில் எழுதும் இடத்தையும் மூடிவிட்டார்கள். வேறு எங்காவது ஒரு கோணல் இருக்காதா என்று தேடிக்கொண்டே அடுத்த நான்கு நிலையங்களையும் ஓட்டினேன், சிக்னல் சரி, மணி சரி, பாலம் சரி, பாழாய்ப்போனவர்கள், அரைகுறையாகவே எட்டு மாதம் வைத்திருந்துவிட்டு இப்போது மட்டும் என்ன அக்கறை? இருந்தாலும் புதுப் புகார்ப் படிவத்தைத் திறந்துவிட்டேன். முதல் கட்டம், என்ன நடந்தது? ‘எல்லோரும் ஏறிவிட்டார்கள்’ என்று அடித்தேன், உண்மைதானே. அடுத்த கட்டம், நீங்கள் எதிர்பார்த்தது என்ன? பயணிகள் ஏற வேண்டும் என்றுதான் இத்தனை நாளும் அதில் எழுதிவந்தேன், அது பொய் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது, ஆனால் உண்மையை எப்படி எழுதுவது, யாருக்கு... உள்ளே அத்தனை பேரும் உட்கார்ந்தாயிற்று, வண்டியை எடுக்க வேண்டும்...