மாமரத்தின் பாதி உயரத்தில்

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஏறாவூரில் மரம் வெட்டுவது எங்கள் தொழில் ரகசியம். ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். ஒழுங்கையில் ஒரு சைக்கிள்கூட வராது. வீதிக்கு மேலே சாய்ந்து நிற்கும் கொப்புகளை இறக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மெஷின் வாளின் சத்தம் பள்ளிவாசலுக்கு எட்டாத ஒழுங்கைகளாகப் பார்த்து இந்த நேரத்தைக் கண்டுபிடித்தவர் என் புருஷன் சுஜீவன்தான். யாருடைய தலையிலும் ஒரு சுள்ளிகூட விழக்கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

எங்கள் ஓட்டோவின் பின்னால் 'ஆபத்தான மரங்கள் பாதுகாப்பாக வெட்டித் தரப்படும்' என்று பெரிதாக எழுதியிருக்கும். ஏறுவது அவர். கீழே நின்று கயிறு பிடிப்பது நான், ஜூலி. தை மாதம்வரை என் தம்பி பிறின்ஸ்தான் பிடித்தான். அவன் கட்டாருக்கு உழைக்கப் போனபிறகு இரண்டு பேர் அந்த வேலைக்கு வந்து பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரு கையில் கயிறு, மறு கையில் ஃபோன். மூன்றாம் நாள், "இவனுகள நம்பி உங்கள மேல அனுப்ப ஏலாது, நானே பிடிக்கிறன்" என்று சொல்லிக் கையுறையை மாட்டிக்கொண்டேன். பொஞ்சாதி கயிறு பிடிக்கப் புருஷன் மரமேறுகிறான் என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர்களா எங்களுக்குச் சோறு போடுகிறார்கள்?

வேலை இதுதான். அவருடைய இடுப்புப் பட்டியில் ஒரு கயிறு. அது மேலே கொப்புகள் பிரியும் ஒரு பலமான கவட்டையைச் சுற்றி என்னிடம் இறங்கி வரும். அவர் ஏறும்போது நான் இழுக்க வேண்டும், இறங்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் வெட்டும் உயரத்துக்குப் போனதும் என்னிடமுள்ள முனையை மரத்தின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிவிட வேண்டும். எந்தக் காரணம் கொண்டும் உடம்பில் கட்டக்கூடாது. அவர் எனக்குச் சொல்லித்தந்த முதல் விஷயம் அது. நான் ஒருநாளும் கேட்காத விஷயமும் அதுதான்.

மரத்தில் கட்டினால் அது வெறும் கயிறு. என் இடுப்பில் கட்டினால் எனக்கு எல்லாம் தெரியும். அவர் சாய்கிறார், கால் மாற்றுகிறார், வியர்வை துடைக்க நிற்கிறார், எல்லாம் தெரியும். கீழே இருந்து பார்த்தால் இலைதானே தெரிகிறது. அதனால் கட்டிக்கொண்டு, மேலே போட்டிருக்கும் அவருடைய பழைய சேர்ட்டால் மூடிவிடுவேன். இறங்கப் போகிறேன் என்று அவர் குரல் கொடுத்ததும் அவிழ்த்துவிடுவேன்.

புரட்டாசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தனக்கும் கட்டாருக்குப் பிறின்ஸ் விசா எடுத்திருக்கிறான் என்றார் அவர். மெடிக்கலும் முடிந்துவிட்டதாம். "ம்" என்றேன். அவ்வளவுதான். கல்யாணம் முடித்து மூன்று வருசம். போகாதீங்க என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இவருக்கு என்னோடு வேலை செய்ய வெட்கம், அதற்குத்தான் ஓடப்பார்க்கிறார் என்று எனக்குள் ஒரு எண்ணம். வெட்கப்படுகிறவரிடம் போய்க் கெஞ்சுவதா? ஐந்து கிழமையாக, ஒரு மாதத்துக்கும் மேலாக, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சட்டிபானைகளோடு மட்டும் சண்டை பிடித்தேன். வருகிற திங்கட்கிழமை பாஸ்போர்ட்டை ஏஜென்சியில் கொடுக்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் ஏறாவூரில் எங்களுக்குப் பழக்கமான ஸாலிஹா ராத்தாவின் வீட்டு மாமரம் வேலைக்கு வந்தது. மாரி தொடங்குவதற்குள் வெட்டித் தரச் சொல்லியிருந்தா. வழக்கம்போல வெள்ளிக்கிழமை நண்பகலில் போனோம். முதல்நாள் இரவு மழை தூறியிருந்தது. பட்டையெல்லாம் பாசி. இரண்டு கொப்புகளை நல்லபடியாக இறக்கினோம். மெஷின் வாளை வேறு கயிற்றில் கட்டி என்னிடம் இறக்கிவிட்டு, அடுத்த கவட்டைக்குக் கால் மாற்றினார்.

"புள்ள!" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி என் கால் நிலத்தில் இல்லை.

அவர் எழுபத்துநாலு கிலோ, நான் நாற்பத்தாறு. இந்தக் கணக்கைப் போட எனக்கு அதுவரை தோன்றவில்லை. கவட்டையில் கயிறு உரசியதால் வேகம் மட்டும் இல்லை. கிணற்று வாளிகள் மாதிரி அவர் இறங்கினார், நான் ஏறினேன். இடுப்பு அறுந்துவிடும் போலிருந்தது. பாதி மரத்தில் இருவரும் முகத்துக்கு முகம் வந்தபோது அவர் என்னை எட்டிக் கட்டிப்பிடித்தார். பிடித்ததும் இருவரும் நின்றோம். கீழே இருபது அடி இருக்கும்.

"நீ எப்பிடி இஞ்ச வந்தாய்?" என்றார். பேயறைந்த மாதிரி இருந்தது முகம்.

சேர்ட்டை விலக்கிக் காட்டினேன்.

"ஆரு உன்ன இடுப்பில கட்டச் சொன்னது? எத்தின நாளா?"

"தொடங்கின நாள்ல இருந்து."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஓம். மரத்தில கட்டினா நீங்க மேல என்ன செய்யிறீங்கண்டு எனக்குத் தெரியாது."

அவருடைய காலுக்குப் பக்கத்தில் தடித்த கொப்பு ஒன்று இருந்தது. அதில் வைக்கப்போன காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"கொப்பு இருக்கே, கால வையுங்க. ஏன் தொங்கிறீங்க?"

"வெச்சா நீ கீழ போயிருவாய். என்ட பாரம்தான் உன்ன மேல வெச்சிருக்கு. அசையாத."

தன் பட்டியிலிருந்த குட்டைக் கயிற்றைப் பல்லால் இழுத்து எடுத்தார். என்னை விடாமலே, ஒரு கையால் அதை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து தன் கொளுக்கியில் மாட்டினார். நாலைந்து தடவை தவறியது. மாட்டி முடித்தபிறகும் பிடியை விடவில்லை.

சத்தம் கேட்டு வெளியே வந்த ஸாலிஹா ராத்தா தலையில் கை வைத்தா. "யா அல்லாஹ்! ரெண்டு பேரும் எப்பிடிப் புள்ள மேல? ஏணியும் இல்ல, ஒரு ஆம்பிளையும் இல்லயே!" தொழுகை முடியும்வரை பொறுக்கச் சொன்னா. பிறகு மனம் கேளாமல் வீட்டிலிருந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து எங்களுக்கு நேர் கீழே அடுக்கத் தொடங்கினா.

"இதுக்குத்தான் நான் போகப் பார்த்தன்" என்றார் அவர், என் காதுக்குப் பக்கத்தில்.

"எதுக்கு?"

"ஒவ்வொரு கொப்ப வெட்டக்குள்ளயும் நீ கீழ நிக்கிறாய் எண்ட நினைப்பு. பிறின்ஸ் நிண்டா எனக்கு அப்பிடி இல்ல. உன்ட தலையில விழுந்தா நான் என்ன செய்ய? நான் போனா நீயும் இந்தக் கயிற்ற விட்டிருவாய் எண்டு நினைச்சன்."

"வெக்கத்துக்கு இல்லயா?"

"என்ன வெக்கம்?" உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

ஐந்து கிழமைக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனுசனைப் போய் அப்படி நினைத்தேனே என்று அழுகை வந்தது. கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

"நீங்க கால வெச்சா நான் விழுந்திருவன் எண்டு கால இழுக்கிறீங்க. கட்டாருக்குப் போனா மட்டும் நான் விழமாட்டனா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போகாதீங்க" என்றேன். "எனக்கு ஏலாது. நீங்க இல்லாம எனக்கு ஏலாது."

சொல்லிவிட்டேன். இதைச் சொல்ல ஒரு மரத்தில் தொங்க வேண்டியிருந்தது. என் கழுத்தில் அவருடைய கண்ணீர் சூடாக விழுந்தது.

தொழுகை முடிந்து வெள்ளை உடுப்போடு வந்தவர்கள் ஒழுங்கை முழுக்க நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டு ஏணி வந்தது. ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார்கள். அது முடியாது, சேர்ந்துதான் இறங்க வேண்டும் என்று அவர் விளக்கம் சொல்லச் சொல்ல, கீழே சிரிப்பு. நாங்கள் ஒருவரையொருவர் அணைத்தபடியே இருக்க, எங்களை இறக்கினார்கள்.

ஸாலிஹா ராத்தா என் இடுப்புக்கு மருந்து பூசிவிட்டு, சாப்பிடாமல் போகவிடவில்லை. சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் மீன் குழம்பும். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சாப்பிடாமல் என் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கோப்பையிலிருந்த மீன் துண்டை எடுத்து என் சோற்றில் வைத்தார்.

"சாப்பிடு" என்றார். "நீ என்ட நிறைக்கு வருமட்டும் நான் எங்கயும் போக ஏலாது."

நான் தலை நிமிரவில்லை. இருபத்தெட்டுக் கிலோ, இந்த ஆயுசில் ஏறுகிற கணக்கா அது? ஸாலிஹா ராத்தாவிடம், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக் கோப்பையை நீட்டினேன்.